கண் தப்பும் நேரத்துக்காக வீட்டைத் திருத்திய கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள். மகனுக்கு மூன்றரை வயது, மகளுக்குப் பதினான்கு மாதம். வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கரில் ரப்பர் நிற்கிறது. பால் வெட்டி எடுத்து வந்து உறைய வைப்பது, ரோலரில் ஷீட் அடிப்பது, புகைப்புரையில் உலர்த்துவது எல்லாம் புறக்கடையிலேயே நடக்கின்றன. கடந்த தை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணியளவில், புரைத் திண்ணையில் இருந்த ஒரு குளிர்பானப் பாட்டிலை மகன் எடுத்து வாயில் வைத்தான். பாலை உறைய வைப்பதற்காகத் தண்ணீர் கலந்து வைத்த பார்மிக் ஆசிட்டின் மிச்சம் அதில் இருந்தது.

நெடி மூக்கில் ஏறியதால் அவன் விழுங்குவதற்கு முன்பே பாட்டிலைக் கீழே போட்டுவிட்டான். கீழுதடும் தாடையும் சிவந்து போயின. குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் முகத்தையும் கையையும் கழுவினோம். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தோம். மோர் கொடு என்றும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வை என்றும் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். இரண்டையும் நான் செய்யவில்லை. அமிலத்தை விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்க வைத்தால், போகும்போது தொண்டையை எரித்த அதே அமிலம் வரும்போதும் எரிக்கும், மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கக்கூடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். உள்ளே காயம் எதுவும் இல்லை என்று ஒரு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அங்கிருந்த மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "அந்த நேரத்தில் வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியைப் பல நாட்கள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். என் கணவர் வெட்டிய பாலை வடிகட்டி டிஷ்களில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். மாமி மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார், மாமா வெளியே போயிருந்தார். ஒருவரும் சும்மா இருக்கவில்லை, தவறான வேலை எதையும் செய்துகொண்டிருக்கவும் இல்லை. அப்படியிருந்தும் வீட்டில் இரண்டு நாள் நடந்த பேச்சு முழுவதும் "பிள்ளையை யாரு பாத்துட்டு இருந்தது?" என்பதாகவே இருந்தது. இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் அந்தப் பாட்டில் அதே திண்ணையில்தான் இருக்கும் என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது.

அமெரிக்கப் பொதுச் சுகாதார மருத்துவரான வில்லியம் ஹாடன், 1966ஆம் ஆண்டில் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவராக இருந்தவர். காயத்தையும் ஒரு நோயைப் போலவே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாதம். காயப்படும் மனிதர், காயப்படுத்தும் பொருள் அல்லது ஆற்றல், சுற்றியுள்ள இடம் என்ற மூன்றையும், சம்பவத்துக்கு முன், சம்பவத்தின்போது, சம்பவத்துக்குப் பின் என்ற மூன்று கட்டங்களோடு பொருத்தி அவர் ஓர் அட்டவணை அமைத்தார். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கை, விபத்துக் காயங்களால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 குழந்தைகள் இறப்பதாகக் கணக்கிட்டது. சாலை விபத்து, நீரில் மூழ்குதல், தீக்காயம், விழுதல், நச்சு ஆகிய ஐந்தும் அதில் முன்னால் நிற்கின்றன. சாலையைத் தவிர மற்ற நான்கும் எங்கள் வீட்டு வேலிக்குள்ளேயே இருந்தன.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, பதினான்கு நாள் எல்லாவற்றையும் குறித்தேன். குழந்தை விழப்போனது, எட்டிப் பிடிக்கப்போனது, வாயில் வைக்கப்போனது என மயிரிழையில் தப்பிய ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், பொருள், அப்போது பெரியவர்கள் செய்துகொண்டிருந்த வேலை ஆகிய நான்கையும் எழுதினேன். மொத்தம் இருபத்தேழு குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் பதினொன்று காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் நடந்தவை. பால் வந்து சேரும் நேரமும் சமையல் நேரமும் ஒன்றாக விழும் பொழுது அது. எட்டு, மாலை ஆறு மணிக்குப் பிறகு, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒரே சமயத்தில் சோர்வு ஏறும்போது நடந்தவை. மகளை மகனின் பொறுப்பில் விட்டுவிட்டு நான் எழுந்துபோன இடைவெளியில் மட்டும் நான்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பன்னிரண்டு விருந்தினர் இருந்தார்கள். வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்த அந்த ஒரு மணி நேரத்தில் மகள் மச்சுப் படியில் ஆறு படி ஏறியிருந்தாள்.

வயதும் அந்த நோட்டில் தெளிவாகத் தெரிந்தது. மகளின் குறிப்புகள் எல்லாம் வாயையும் தரையையும் சுற்றி இருந்தன. மகனுடையவை ஏறுவதையும் திறப்பதையும் சுற்றி இருந்தன. ஆகவே ஒருத்தியிடமிருந்து காப்பாற்ற உயரத்தில் வைத்த பொருள், மற்றவனுக்கு ஏறிப்பார்க்க ஒரு காரணமாக ஆகிவிடுகிறது.

முதல் வேலை ஆசிட்டுக்கு. கடையில் வாங்கும் 85 சதவீத ஆசிட் கேன், கலக்கும் குவளை, கையுறை ஆகிய மூன்றும் அடங்கும் அளவில் பழைய அயனி மரப் பலகையில் ஒரு பெட்டி செய்தோம். புரையின் சுவரில் ஐந்தடி உயரத்தில் அதைப் பொருத்தி, கதவுக்கு ஒரு கொண்டியும் பூட்டும் போட்டோம். இருபது நாளில் கொண்டி துருப்பிடித்து இறுகிவிட்டது. பார்மிக் ஆசிட்டின் ஆவி இரும்பை அரிக்கும் என்பதும், மூடிய பெட்டிக்குள் அது தேங்கும் என்பதும் நான் யோசிக்காமல் விட்டவை. கொண்டி இறுகியதும் என் கணவர் பூட்டாமல் சாத்தி மட்டும் வைக்கத் தொடங்கியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொண்டியையும் கீலையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, பெட்டியின் மேலும் கீழும் விரல் நுழையாத அளவில் ஆறு துளைகள் இட்டோம். அதற்குப் பிறகு எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் பெட்டியைவிட முக்கியமானது வேறொன்று என்று நினைக்கிறேன். அன்றைக்குத் தேவையானதை மட்டும் அன்றன்றைக்குக் கலப்பது, மிச்சத்தை எடுத்து வைக்காமல் இருப்பது, எக்காரணம் கொண்டும் குடிக்கும் பாட்டிலில் ஊற்றாமல் இருப்பது என்று முடிவு செய்தோம். கலப்பதற்கென்று ஒரு சிவப்புக் குவளையை ஒதுக்கி, வெள்ளை பெயிண்டால் கோடுகள் போட்டு அளவு குறித்தேன். முதலில் தண்ணீர், அதன்மேல் ஆசிட் என்ற வரிசையை அதன் மேலேயே எழுதியும் வைத்தேன். இங்கே பல வீடுகளில் மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட் எல்லாமே காலியான குளிர்பானப் பாட்டில்களில்தான் இருக்கின்றன. குழந்தைக்கு எழுத்து தெரியாது. பாட்டிலின் வடிவத்தையும் மூடியின் நிறத்தையும் பார்த்துத்தான் உள்ளே இருப்பது குடிக்கக்கூடியது என்று அது முடிவு செய்கிறது.

அதே புரையில் நிற்கும் ரோலருக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. வேலை முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றி ஆசிட் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். பல்சக்கரத்தின் பக்கம் விரல் போகாதபடி பழைய தகர டின்னை வெட்டி, விளிம்பை மடித்து, நான்கு போல்ட்டில் ஒரு மறைப்பு செய்தேன்.

கிணறு எங்களுக்குப் பெரிய பாடமாக அமைந்தது. கல் கட்டிய பழைய கிணறு. உள்விட்டம் ஆறடி, கைப்பிடிச் சுவர் 27 அங்குலம். மகளின் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம் என்பதால் அவள் அளவில் சுவர் போதுமானதாகவே தோன்றியது. ஆனால் சுவரை ஒட்டி 18 அங்குல உயரத்தில் துணி துவைக்கும் கல் கிடந்தது. அதன் மேல் ஏறி நின்றுவிட்டால் மீதமுள்ள சுவர் வெறும் 9 அங்குலம்தான். 38 அங்குல உயரமுள்ள மகனுக்கு அது முழங்கால் அளவு கூட வராது. சுவரைத் தரையிலிருந்து அளப்பதில் பொருளில்லை, குழந்தை ஏறி நிற்கக்கூடிய இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன். பிறகு ஜன்னல், மச்சு வராந்தா, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் அப்படியே மறுபடியும் அளந்தேன். ஜன்னல் ஓரத்தில் கிடந்த கட்டிலும் தொட்டியோரம் கவிழ்த்து வைத்திருந்த வாளியும் அன்றே இடம் மாறின. துவைகல்லை மூன்று பேர் சேர்ந்து நெம்பி, கிணற்றிலிருந்து ஏழடி தள்ளிப் போட்டோம்.

கிணற்றுக்குக் கம்பி மூடி போடலாம் என்றதும் மாமிக்கு மனம் ஒப்பவில்லை. "நாலு பிள்ளையள இந்தக் கெணத்துப் பக்கத்துலதான் வளத்தேன் மக்களே, ஒண்ணும் வரல்ல" என்றார். அவர் சொன்னது உண்மை. நான்கு பிள்ளைகளை வளர்த்த காலத்தில் அந்த வீட்டில் இரண்டு பாட்டிகளும் கல்யாணம் ஆகாத மூன்று அத்தைமாரும் இருந்தார்கள் என்பதும் உண்மை. இப்போது பகலில் இருப்பது நாங்கள் நான்கு பேர். அதில் இருவர் முழங்கால் வலியோடு நடப்பவர்கள். மெதுவாக இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அப்பம் கெணத்த மட்டும் மூடினா போதுமா? அந்தக் குளிமுறி அண்டாவையும் பாரு" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

வெல்டிங் பட்டறையில் முதலில் செய்து வாங்கிய மூடி தவறாகப் போய்விட்டது. வட்டமான ஒற்றைச் சட்டத்தில் கம்பி வைத்து வந்தது; தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். தண்ணீர் கோர ஒருவர் போனால், திறப்பதற்கு எப்படியோ தள்ளிவிடலாம். திரும்ப மூடுவதற்கு ஆள் தேட வேண்டும். ஒரே வாரத்தில் அது பலா மரத்தில் சாய்ந்து நின்றது. ஒரு பாதுகாப்புச் சாதனத்தை மூடுவதற்கு ஆகும் சிரமம், திறந்து போட்டுவிட்டுப் போகும் சிரமத்தைவிட அதிகமாக இருந்தால் அது திறந்தேதான் கிடக்கும். திரும்பக் கொண்டுபோய், சட்டத்தைச் சுவரில் நிரந்தரமாக போல்ட் அடிக்கும்படி மாற்றி, கப்பிக்கு நேர்கீழே இரண்டடிக்கு இரண்டடியில் மட்டும் ஒரு சிறு கதவு வைக்கச் சொன்னேன். கையை விட்டால் அது தானாகவே சாத்திக்கொள்ளும் அளவுக்கு மட்டுமே சாய்வாகத் திறக்கும்படி ஒரு தடுப்புக் கம்பியும் பற்றவைத்தார்கள். கம்பிகளின் இடைவெளி இரண்டு அங்குலம். இங்கே எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையுமாக ஆண்டுக்கு இரண்டு பருவம் நனைய வேண்டியிருப்பதால், துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சும் எனாமல் இரண்டு பூச்சும் கொடுத்தோம்.

மாமி சொன்ன அண்டாவுக்கு வருகிறேன். சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். எட்டிப் பார்க்கையில் தலை முன்னே சரிந்து வாளிக்குள் கவிழ்ந்தால், கையை ஊன்றி எழுந்திருக்கும் வலு அதற்கு இல்லை. முகம் மூழ்குமளவு சில அங்குலத் தண்ணீரே போதும், ஒன்றிரண்டு நிமிடத்தில் நினைவு போய்விடும். கூச்சல் எழாது என்பதுதான் இதில் மிகக் கொடுமை. பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கூடத் தெரியாது. இரவில் அண்டா நிறைத்து வைக்கும் பழக்கத்தை விட்டோம். வாளிகள் பயன்படுத்தியதும் கவிழ்க்கப்படுகின்றன. குளிமுறிக் கதவுக்கு வெளிப்புறம் நாலரை அடியில் ஒரு தாழ்ப்பாள் போட்டாயிற்று. தென்னை நடுவதற்காக எடுத்து அப்படியே விட்டிருந்த ஒரு குழியை மழைக்கு முன் மூடினோம்.

அடுக்களைக்கு ஆசாரி அண்ணன் அரைக்கதவு செய்து கொடுத்தார். சம்பா அரிசிச் சோறு வடிக்கும் வீடு எங்களுடையது. கொதிக்கும் கஞ்சியோடு கலத்தைத் தரையருகே சாய்க்கும் அந்த இரண்டு நிமிடம் இரண்டு கையும் கட்டுண்டு இருக்கும். பின்னாலிருந்து ஒரு குழந்தை வந்து முந்தானையைப் பிடித்தால் எதுவும் செய்ய முடியாது. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் பெரியவர் தோலையே ஏறத்தாழ ஐந்து நொடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது, கொதிகஞ்சியோ அதைவிட மிகச் சூடானது. அரைக்கதவின் உயரம் 30 அங்குலம். நெடுக்குச் சட்டங்கள் மட்டுமே வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னேன். குறுக்குச் சட்டம் இருந்தால் அதுவே ஏணியாகிவிடும். ஆசாரி அண்ணன் முதலில் அழகுக்காக நடுவில் ஒன்று கொடுத்திருந்தார். காரணத்தைச் சொன்னதும் அவரே வெட்டி எடுத்துவிட்டு, அவர் பேரனுக்கும் இதே மாதிரி ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். கஞ்சி வடிக்கும்போது அரைக்கதவு சாத்தியிருக்க வேண்டும் என்பது இப்போது வீட்டு விதி.

தீக்காயத்துக்கு வீட்டில் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவது, ஒட்டாத துணியையும் வளையலையும் கழற்றுவது, சுத்தமான துணியால் மூடுவது, 108க்கு அழைப்பது. பேனா மை, பற்பசை, மாவு, ஐஸ் எதுவும் கூடாது. ஹாடனின் அட்டவணையில் சம்பவத்துக்குப் பிந்தைய கட்டத்துக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆனால் பதறும் நேரத்தில் சுவரில் இருக்கும் எழுத்து உதவும் என்று நம்புகிறேன்.

மச்சுப் படியின் கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே ஐந்தரை அங்குலம் இருந்தது. நான்கு அங்குல விட்டத்தில் ஓர் அட்டை வட்டத்தை வெட்டி, அது நுழையும் இடமெல்லாம் ஆபத்தான இடம் என்று வைத்துக்கொண்டேன். உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் இடைவெளியைத் தவிர்க்கப் பல நாட்டுக் கட்டட விதிகள் இந்த நான்கு அங்குல அளவையே வைத்திருக்கின்றன. இடையிடையே ஒரு கம்பி சேர்த்ததும் சரியாகிவிட்டது. மின்சாரத்துக்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் முறையான எர்த்தும் போட்டுவிட்டோம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க நான் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.

சின்னப் பொருள்களைத் தேடுவதற்குத் தனியாக ஒரு நாள் ஆயிற்று. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியவை எவை என்று பார்க்க, பொம்மைச் சோதனையில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுத்துகிறார்கள். அதன் அடிப்பகுதி சாய்வாக, ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். கல்யாண அழைப்பிதழ் அட்டையைச் சுருட்டி அப்படி ஒன்று செய்து, தரையில் தவழ்ந்தே வீடு முழுக்கத் தேடினேன். புளியங்கொட்டை, பாக்கு, காசு, பேனா மூடி எல்லாம் முழுதாக உள்ளே போயின. மகன் போன ஆவணியில் பொறுக்கி ஒரு டின் நிறைய வைத்திருந்த ரப்பர் விதைகள் ஒன்று விடாமல் உள்ளே போயின. வழவழவென்று இருக்கும் அந்த விதை தொண்டைக்கு எளிதில் நழுவும். உடைத்துத் தின்றாலோ அதன் பருப்பில் சயனைடு உண்டாக்கும் லினமரின் இருக்கிறது. மகனிடம் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. மூடி திருகும் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, அலமாரியின் மேல்தட்டில் அவன் பெயர் எழுதி வைத்தோம். மகள் தூங்கும்போது மட்டும் அது இறங்கும். பொத்தான் வடிவ பேட்டரி போடும் ஒரு சிறு டார்ச் இருந்தது. அதை வீட்டிலிருந்தே அகற்றினேன். அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் அதன் மின்னோட்டத்தாலேயே காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்.

மாமாவின் சர்க்கரை மாத்திரைகள் தலையணைக்கு அடியில் இருந்தன. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று கூட ஒரு சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். அவரிடம் இதைச் சொன்னதும் மாத்திரைகளைப் பூட்டி வைக்க ஒரு சுவர்ப்பெட்டியின் சாவியை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். கிணற்றடியில் பூத்து நின்ற மஞ்சள் அரளியை வேரோடு எடுத்தவரும் அவர்தான்.

நோட்டை இரண்டாம் முறையாக வைகாசியில் பதினான்கு நாள் எழுதினேன். இருபத்தேழாக இருந்தது ஒன்பதாகக் குறைந்திருந்தது. அந்த ஒன்பதில் ஏழு, வாசல் நடையிலும் முற்றத்திலும் வழுக்கி விழுந்தவை; மழை தொடங்கிவிட்டதால் சிவப்புத் தரையில் ஈரம் நிற்கிறது. கயிற்று மிதியடி இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறோம், போதவில்லை. எட்டாவது, வந்திருந்த உறவினரின் கைப்பையிலிருந்து மகள் எடுத்த மாத்திரை அட்டை. ஒன்பதாவது நேற்று முன்தினம் நடந்தது. மகன் நாற்காலியை நகர்த்திப் போட்டு, அரைக்கதவுக்கு மேலாகக் கையை விட்டு, உள்பக்கத்துக் கொக்கியைத் திறந்து தங்கைக்கும் வழிவிட்டான். அவனுக்குக் கை நீண்டுவிட்டது. ஆசாரி அண்ணனிடம் சொல்லியாயிற்று. சனிக்கிழமை வந்து கொக்கியை ஓரடி கீழே இறக்கி, தூக்கி இழுக்கும் இரட்டைத் தாழாக மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை நாற்காலிகள் தார்சாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.